வெள்ளவத்தையில் கொடி, கொட்டாஞ்சேனையில் பாட்டு

பெப்ரவரி 3, காலை 5.10

யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்பட்ட பஸ், ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் ஓடி, வெள்ளவத்தைச் சந்தைக்கு எதிரே என்னை இறக்கிவிட்டது. கட்டணம் 2,700 ரூபாய். காலி வீதியின் இரு பக்கமும் மின்கம்பங்களில் தேசியக் கொடிகளைக் கட்டி முடித்திருந்தார்கள். எங்கள் ஊரில் சுதந்திர தினத்தன்று அரச அலுவலகங்களிலும் வங்கிகளிலும் கொடி ஏறும். வீடுகளில் ஏறாது, கறுப்புக் கொடி கட்டுகிறவர்களும் உண்டு. ஐம்பத்து மூன்று வயதில், முதன்முறையாக இந்த நாளைக் கொழும்பில் இருந்து பார்க்கப் போகிறேன்.

என் தங்கை பவானி இருப்பது கடற்பக்க ஒழுங்கை ஒன்றில், ஐந்து மாடிக் கட்டடத்தின் நான்காம் மாடி. சந்தையில் இருந்து 420 அடி எடுத்துவைத்தால் வாசல். (நான் நில அளவையாளர் ஒருவரிடம் படம் வரைகிறவன். அடி எண்ணுவது தொழிற்பழக்கம்.) கட்டடத்தில் இருபத்திரண்டு வீடுகள். பதின்மூன்றில் தமிழர், ஒன்பதில் சிங்களவர். பவானி குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர்.

காலை 9.30

சந்தையடியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண் ஒருவர் கொடி விற்றார். முச்சக்கர வண்டிக்கான சிறியது 100 ரூபாய், வீட்டுக்கான துணிக்கொடி 650. கொடியின் பச்சைக் கோடு முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் கோடு தமிழர்களுக்கு. வாளேந்திய சிங்கத்தைச் சுற்றிய நான்கு மூலையிலும் அரசமர இலைகள். இலைகள் 1972இல்தான் வந்தன, அதற்கு முன் அந்த இடத்தில் வேறு வடிவம் இருந்தது. ஒவ்வொரு கொடியின் பச்சை ஓரத்திலும் அவர் ஒரு வெள்ளை நூல் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். எதற்கு என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். பச்சைதான் கம்பத்தோடு சேர வேண்டும், வருடா வருடம் யாராவது மறுபக்கமாகக் கட்டிச் சிங்கத்தைப் பின்பக்கம் பார்க்க வைத்துவிட்டுத் தன்னிடம் சண்டைக்கு வருகிறார்கள் என்றார். சங்கத்துக்கு ஒரு துணிக்கொடி வாங்கிக்கொண்டேன்.

கட்டடத்தின் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். நான்காம் திகதி காலை எட்டு மணிக்கு எல்லோரும் கார் நிறுத்தும் முற்றத்தில் கூடுவார்கள். யாருடைய கைத்தொலைபேசியில் இருந்தாவது தேசிய கீதம் சிங்களத்தில் ஒலிக்கும். அது முடியும்போது கொடி கம்பத்தின் உச்சியைத் தொட வேண்டும். இரண்டு நிமிட மௌனம். பிறகு பாற்சோறு, கட்டைச்சம்பல், தேநீர்.

இந்த வருடம் பவானி ஒரு மாற்றம் கேட்டிருந்தாள். ஒலிப்பதிவு வேண்டாம், வாயால் பாடுவோம். கொடி ஏறும்போது சிங்களத்தில், முடிவில் தமிழில். அரச விழாவில் தமிழில் பாடிய வருடங்களும் உண்டு, பாடாத வருடங்களும் உண்டு. ஜனவரி பிறந்தால் பத்திரிகைகளில் அந்த விவாதம்தான். முற்றத்துக்குள் அந்த விவாதம் எதற்கு என்பது அவள் கட்சி. தலைவி திருமதி விஜேசிங்க, ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், உடனே சம்மதித்தார். எதிர்த்தவர் இரண்டாம் மாடி இராசரத்தினம் மட்டும். அவர் பருத்தித்துறைக்காரர், ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். இந்த வருடம் பாட்டு ஒழுங்காக நடக்காவிட்டால் இனிமேல் பழையபடி ஒலிப்பதிவு மட்டும்தான், இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக்கூடாது என்று ஒரு தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் எழுத வைத்துவிட்டார். பவானியும் அதற்குக் கையெழுத்து வைத்திருக்கிறாள். போன கிழமை திருமதி விஜேசிங்க கேட்டபோது, எங்கள் பக்கம் ஆயத்தம் என்றும் சொல்லிவிட்டாள்.

மாலை 6.00

முற்றத்தில் ஒத்திகை. சிங்களக் குழுவினர் ஏற்கெனவே இரண்டு தரம் பாடிப் பார்த்தவர்கள். ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டு நாற்காலிகளில் அமர்ந்தார்கள். அடுத்தது தமிழ். பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். நான் பன்னிரண்டாவது.

முதல் நான்கு வரிகள் நன்றாகவே எழும்பின. ஐந்தாவதில் குரல்கள் ஏழாகக் குறைந்தன. பத்தாவது வரியில் எல்லோருடைய உதடும் அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாம் பகுதியில் ராகம் மட்டும் மிச்சம். ஒரு பல் வைத்தியர், ஒரு வங்கி முகாமையாளர், இரண்டு பொறியியலாளர்கள் வாயை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். பதின்மூன்று வீட்டிலும், மற்றப் பன்னிரண்டு வீட்டுக்காரருக்கும் தெரியும் என்று நம்பியிருக்கிறார்கள். பிள்ளைகளோ சர்வதேசப் பாடசாலைகளிலும் சிங்களத்தில் பாடும் பெரிய பாடசாலைகளிலும் படிக்கிறவர்கள். எங்களைப் போன்ற வடக்கத்தியார் படித்த போர்க்காலத்தில் அங்கே பள்ளிக்கூடம் நடந்ததே பெரிய காரியம். என்னைக் கேட்டால், எனக்கும் முதல் நான்கு வரிதான்.

பவானி சொற்களை அச்சடித்துக் கொடுத்துப் பார்த்தாள். ஆளுக்கொரு இடத்தில் சொல்லை உடைத்தார்கள். பல் வைத்தியர் ஒரு வரியை முடித்தபோது வங்கி முகாமையாளர் அதே வரியின் நடுவில் நின்றார்.

இராசரத்தினம் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தமிழிலை பாடவேணும் எண்டு கேட்டு எத்தினை பத்திரிகைக்கு எழுதியிருப்பம்" என்றார். "விட்டால் பாடத் தெரிஞ்சவன் ஒருத்தன் இல்லை. ரேடியோவைப் போடு பிள்ளை, மானமாவது மிஞ்சும்."

பவானி தாள்களைத் திருப்பி வாங்கி அடுக்கினாள். அப்போது வாசல் காவலாளி, அவரும் சிங்களவர், ஒரு விஷயம் சொன்னார். கட்டடத்தில் தண்ணீர்ப் பம்பும் துப்புரவும் பார்க்கும் மணியம், முற்றம் கழுவும்போது இந்தப் பாட்டைத்தான் முழுதாகப் பாடுவாராம். மணியம் இரண்டு நாள் லீவில் போயிருந்தார். தொலைபேசிக்கு ஒன்பது தரம் அழைத்தோம், நிறுத்தி வைத்திருந்தார்கள். கோப்பில் அவருடைய அடையாள அட்டைப் பிரதி இருந்தது, முகவரி கொட்டாஞ்சேனை.

"விடியப் போறன்" என்றேன்.

"அண்ணா, அந்தாள் லீவிலை நிக்குது. வரமாட்டன் எண்டால் கெஞ்சாதேங்கோ" என்றாள் பவானி. கோப்பை மூடிக்கொண்டே, "ஆனால் கேளுங்கோ" என்றாள்.

பெப்ரவரி 4, காலை 5.15

102ஆம் இலக்க பஸ். கொட்டாஞ்சேனை வரை ஒன்பது கிலோமீற்றருக்கு மேல். சாரதியின் முன்னால் ஒரு சிறு கொடி ஒட்டியிருந்தது. பயணிகள் எட்டுப் பேர். மூவர் வெள்ளை உடுப்பில் விகாரைக்குப் போகிறவர்கள். காலிமுகத்திடல் ஓரம் இராணுவ வண்டிகள் வரிசையாக நின்றன. மதியம் வெளிச்சவீட்டடியில் கடற்படையினர் இருபத்தைந்து பீரங்கி வேட்டு முழக்குவார்கள் என்று நடத்துனர் சொன்னார். 1948இல் முதல் சுதந்திர தினம் கொண்டாடிய சதுக்கத்தில்தான் இன்றைய அரச விழாவும். அந்தப் பக்கத்து வீதிகள் ஆறரைக்கு மூடப்படும், திரும்புவதானால் அதற்குமுன் திரும்புங்கள் என்றும் சொன்னார்.

5.55க்குக் கொட்டாஞ்சேனை. ஒரு பக்கம் கோயில் மணி, ஒரு பக்கம் தேவாலய மணி. சுதந்திர தினத்தன்று விடியற்காலையில் எல்லா மதத் தலங்களிலும் நாட்டுக்காக வழிபாடு வைப்பது வழக்கம். பள்ளிவாசலில் ஏற்கெனவே முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

மணியத்தின் வீடு மூன்றாவது குறுக்குச் சந்தில், கீழ்த்தளம். வாசலில் மாக்கோலம் போட்டு, உள்ளே நாற்காலிகளை அடுக்கி, ஒருவர் ஏணியில் நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் மணியம். ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு. நான் பவானியின் அண்ணன் என்றதும் இறங்கி வந்தார்.

விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் அவருடைய மனைவி செல்வி அடுப்படியில் இருந்து வந்துவிட்டார். "போன நான்தான் ஆஃப் பண்ணி வெச்சேன்" என்றார் என்னிடம். "லீவு போட்டா அன்னைக்குன்னு பம்பு ரிப்பேராயிரும். இன்னைக்கு பம்பு இல்ல, பாட்டா? பதினோரு மணிக்கு மகளைப் பொண்ணு பாக்க வர்றாங்க சேர். அப்பா எங்கன்னு கேட்டா வெள்ளவத்தைல பாடிக்கிட்டு இருக்காருன்னா சொல்றது?"

நியாயம்தான். மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பார்த்தேன். மணியம் என்னை உட்காரச் சொன்னார். செல்வி முணுமுணுத்துக்கொண்டே தேநீர் தந்தார்.

அவர் ஹற்றனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தோட்டப் பாடசாலையில் தினமும் காலையில் பாட வேண்டுமாம், தப்பினால் மாஸ்டர் பிரம்பால் அடிப்பாராம். சுதந்திரம் கிடைத்த அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. தகப்பன் இந்தியாவுக்குப் போக விண்ணப்பித்திருந்தார். போரால் கப்பல் நின்றுபோனதால் போக முடியவில்லை. மணியத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான்.

"பாட்ட மொதல்ல குடுத்துட்டாங்க" என்றார் சிரித்துக்கொண்டு. "காயிதம் முப்பது வருசம் கழிச்சு வந்துச்சு. பாட்டு மறக்குமா?"

பிறகு ஏணியை மடக்கிச் சுவரில் சாத்தினார். வருவதாகச் சொன்னார், ஒரு நிபந்தனையோடு. "நான் தனியா பாட மாட்டேன் சேர். நான் பாட, அவங்க பாத்துக்கிட்டு நின்னா அதுக்கு ரேடியோவே போதும். எட்டு மணிக்கு முந்தி அரை மணி நேரம் வேணும். எல்லாரும் வாயத் தொறக்கணும்." செல்வியைப் பார்த்து, பத்தரைக்கு வாசலில் நிற்பேன் என்றார். செல்வி அவருக்கு இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தார். பெண்பார்க்க வருகிறவர்களுக்காக வைத்திருந்தது. "கறையோட வந்தீங்கன்னா தெரியும்" என்றார்.

காலை 6.35

பஸ் நேரத்துக்குப் போகாது என்று முச்சக்கர வண்டி பிடித்தோம். வெள்ளவத்தைக்கு 1,800 ரூபாய். ஓட்டுநர் நவாஸ், அதே சந்துக்காரர், நாற்பது வயதிருக்கும். காலிமுகத்திடல் பக்கம் மறிப்பார்கள், சதுக்கத்தைச் சுற்றியும் மறிப்பார்கள், அதனால் மருதானை, பொரளை, நாரஹேன்பிட்டி, கிருலப்பனை என்று சுற்றித்தான் போக வேண்டும் என்றார். பதினான்கு கிலோமீற்றர்.

பொரளைச் சந்தியில் நிறுத்திவிட்டார்கள். நடனக் குழுக்களும் மாணவர் படையணியும் ஏறிய பஸ்கள் விழாவுக்குப் போகக் காத்திருந்தோம், பதினொரு நிமிடம். மணியம் அந்த நேரத்தை வீணாக்கவில்லை. முதலில் என்னைப் பிடித்துக்கொண்டார். எந்தச் சொல்லில் மூச்சு எடுப்பது, எதை அடுத்த வரியோடு சேர்ப்பது என்று என் முழங்காலில் தட்டித் தட்டிக் காட்டினார். நான் இரண்டாம் பகுதியில் ஒரு சொல்லை விழுங்கியபோது முன்னால் இருந்து நவாஸ் அதை எடுத்துக் கொடுத்தார்.

"உங்களுக்கும் தெரியுமா?" என்றேன்.

"நாங்களும் தமிழ்லதானே படிச்ச சேர். எங்கட ஸ்கூல்லயும் டெய்லி இந்தப் பாட்டு ஈக்கி." கண்ணாடியில் மணியத்தைப் பார்த்தார். "மணியண்ணன் மூணாவதுல கொஞ்சம் இழுக்கிற. அது அப்பிடி இல்ல."

"ஒங்க ஸ்கூல்ல அவசரமா பாடிட்டு சாப்பிடப் போயிருப்பீங்க" என்றார் மணியம்.

பொலிஸ்காரர் கையைக் காட்டும் வரை இருவரும் அந்த இடத்தை நான்கு தரம் பாடிச் சண்டை பிடித்தார்கள். பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டார். கடைசியில் நவாஸ் சொன்னதுதான் சரி என்று மணியம் ஒப்புக்கொண்டார்.

காலை 7.24

முற்றத்தில் பவானி தனியே நின்றாள். எங்கள் வண்டியைக் கண்டதும் மாடிகளைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். பதினொரு பேரும் இறங்கி வந்தார்கள். நவாஸையும் நிற்கச் சொன்னோம். காத்திருப்புக் கட்டணம் எடுப்பேன் என்றவர், முதல் வரி தொடங்கியதும் வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வரிசைக்கு வந்துவிட்டார்.

மணியம் கற்பித்த விதத்தை எழுதி வைத்திருக்கிறேன். வரிகளைச் சொல்லவில்லை. மூச்சுக்களைச் சொன்னார். மூன்றாம் பகுதிக்கு ஆறு மூச்சு. ஒவ்வொருவரையும் தனித்தனியே பாட வைத்தார். பல் வைத்தியரிடம், "டொக்டர், எங்களத் தொறக்கச் சொல்லுவீங்க இல்ல, இப்ப நீங்க தொறங்க" என்றார். முப்பத்தொரு நிமிடம் விடாமல் சத்தமாகப் பாடினார். பிழை விட்ட இடங்களில் திரும்பவும் முதலில் இருந்து.

8.00க்கு மணி பார்த்துத் தொடங்கினார்கள். திருமதி விஜேசிங்க கயிற்றை இழுக்க, அவருடைய குழு பாட, கொடி பாட்டின் கடைசிச் சொல்லோடு உச்சிக்குப் போனது. கொடிக்குள் சுற்றி வைத்திருந்த மல்லிகைகள் முன்வரிசையில் விழுந்தன. நாட்டுக்காக உயிர்விட்டோருக்கு இரண்டு நிமிட மௌனம் என்று அறிவித்தார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் நான் நினைத்தவர்களின் பட்டியலும், பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தவர்களின் பட்டியலும் ஒன்றாக இருந்திருக்காது.

8.09. தமிழ். மணியம் நடுவில், இஸ்திரி கலையாத சட்டையில். முதல் பகுதி போனது. இரண்டாம் பகுதியும் போனது. மூன்றாம் பகுதியின் முதல் மூச்சில் மணியத்தின் குரல் உடைந்தது. கனைத்துவிட்டு மறுபடி முயன்றார், காற்றுத்தான் வந்தது. பவானி அவரைத் திரும்பிப் பார்த்தாள். நேற்று நின்றுபோன அதே இடம். இராசரத்தினம் படிக்கட்டில் ஒரு படி கீழே இறங்கினார்.

நவாஸின் குரல் மட்டும் ஒரு வரியைத் தாங்கியது. அதற்குமேல் பவானி ஏறினாள். சுருதி கொஞ்சம் தப்பி, ஆனால் சொல் தப்பாமல். பிறகு வங்கி முகாமையாளர், பல் வைத்தியர், நான். மணியம் பாடவில்லை, வலது கையால் தொடையில் மூச்சுக்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஆறாவது மூச்சு முடிந்து கடைசிப் பகுதிக்கு வந்தபோது வரிசையில் நின்ற மற்ற எல்லோருடைய குரலும் அங்கே இருந்தது. சிங்களக் குழுவில் இருவர் ராகத்தை மெல்லப் பிடித்துக்கொண்டார்கள். முடிந்தது.

யாரும் கை தட்டவில்லை. கீதத்துக்குத் தட்டுவதில்லை. இராசரத்தினம் பவானியிடம் வந்தார். குறிப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, தன்னுடைய தீர்மானம் இருந்த பக்கத்தை எடுத்தார்.

"மூண்டாவதிலை கொஞ்சம் தடுமாற்றம்" என்றார். "எண்டாலும் ஆக்கள் விடேல்லை. முழுக்கப் பாடினது எண்டு எழுதும் பிள்ளை. நான் கையெழுத்து வைக்கிறன்."

அவள் எழுதினாள், அவர் வைத்தார். திகதியையும் நேரத்தையும் தானே போட்டார்.

பாற்சோற்றுத் தட்டோடு பவானி மணியத்திடம் போனாள். அடுத்த வருடமும் அவர்தான் நடத்தித் தர வேண்டும் என்றாள். மணியம் தலையை ஆட்டினார். குரல் கரகரத்தது, அருகில் நின்ற எனக்கே காதைக் கொடுத்தால்தான் கேட்டது.

"வேணாம்மா. லீவு நாள்ல லீவு குடுங்க. அடுத்த வருசம் ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கணும்."

8.40க்கு அவரும் நவாஸும் புறப்பட்டார்கள். நவாஸ் காத்திருப்புக் கட்டணம் கேட்கவில்லை. பாற்சோறு இரண்டு பொதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிற்பகல் 1.20

செல்வி பவானிக்குத் தொலைபேசி எடுத்தார். கணவர் 10.10க்கே வந்துவிட்டாராம். ஆனால் வாயில் இருந்து ஒரு சொல் வரவில்லை. வந்தவர்களிடம் கும்பிட்டதும் சிரித்ததும்தானாம். "அமைதியான சம்பந்தின்னு அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சும்மா. கல்யாணம் முடியிற வரைக்கும் நெசத்தைச் சொல்லிறாதீங்க" என்றாராம். பெண்ணைப் பிடித்துவிட்டது, வைகாசியில் நாள் பார்க்கிறார்கள்.

மாலை 6.00

சூரியன் சாயும் நேரம் கொடியை இறக்கினார்கள். மடித்ததை நான் பார்த்தேன். பவானியும் திருமதி விஜேசிங்கவும் ஆளுக்கொரு ஓரம் பிடித்து, கோடுகள் இரண்டும் வெளியே தெரிய மடித்தார்கள். ஏழரை பஸ்ஸுக்குச் சந்தையடியில் வந்து நின்றேன்.

என் ஊரில் இன்று கடைகள் வழக்கம்போல் திறந்திருந்ததாக மனைவி சொன்னாள். சந்தியில் ஒரு கறுப்புக் கொடி, அஞ்சல் அலுவலகத்தில் ஒரு தேசியக் கொடி. இரண்டையும் காற்று ஒரே மாதிரித்தான் அடித்திருக்கும். காணி போனவர்களும் பிள்ளையைத் தொலைத்தவர்களும் வாழும் இடம் அது. அவர்களை வெள்ளவத்தை முற்றத்தை வைத்து அளக்க மாட்டேன். அளவுகோல் வேறு.

ஆனால் என்னை அளந்துகொண்டேன். இருபது வருடமாக இந்தப் பாட்டைப் பற்றிப் பேசியிருக்கிறேன். யார் பாட வேண்டும், எந்த மொழியில் பாட வேண்டும், பாடவே வேண்டுமா என்று கூட்டங்களில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். அதன் ஐந்தாவது வரி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தோட்டத்தில், காகிதம் இல்லாத ஒருவர் அதை முழுதாக வைத்திருந்தார். என் கருத்துகளில் ஒன்றையும் நான் கொழும்பில் விட்டுவிட்டு வரவில்லை. இனி எழுந்து நின்று பேசும்போது முழுதும் தெரிந்தவனாகப் பேசுவேன்.